மறதி எல்லாம் மனதின் குற்றமா?



“மிஸ், எனக்கு மண்டை பழுதாப் போச்சுப் போல. அடுப்பில தண்ணி வச்சா அதையும் மறந்து போறன்.”

ரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்து லயத்தில், வாசற்படியில் உட்கார்ந்தபடி ஓர் அக்கா என்னிடம் இதைச் சொன்னார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காணக்கூடிய விபரங்களை மட்டும் தவிர்த்திருக்கிறேன்.

அவருடைய பெற்றோர் மாத்தளையைச் சேர்ந்தவர்கள். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்னர் வவுனியாப் பக்கம் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. அக்கா பிறந்து வளர்ந்தது, திருமணம் முடித்தது எல்லாம் வன்னியில். 2009 இல் கணவரை இழந்தார். அதே நாட்களில் ஒரு ஷெல் துண்டு அவருடைய தலையிலும் பட்டது. முகாம் வாழ்க்கைக்குப் பிறகு மகளையும் வயதான தாயையும் அழைத்துக்கொண்டு மாத்தளையில் இருக்கும் சின்னம்மாவின் லயத்துக்கு வந்து சேர்ந்தார். கைக்காசு வேலைக்குப் போவார். மிளகு பறிக்கும் காலத்தில் அதற்கும் போவார்.

நான் அவரைச் சந்தித்தபோது அவருக்குத் தூக்கம் இல்லை. சின்ன விடயத்துக்கும் மகளிடம் எரிந்து விழுந்தார். கடைக்குப் போனால் எதற்கு வந்தேன் என்று நின்றுவிடுவார். படியேறினால் மூச்சு வாங்கியது. நாக்கு எரிகிறது, காரம் சாப்பிட முடியவில்லை என்றார். இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? கோவையில் “யுத்தத்தினால் உளப்பாதிப்பு” என்று எழுதி, உளவள ஆலோசனைக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

நான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது பாதி உண்மை மட்டுமே. மற்றப் பாதி அவருடைய சாப்பாட்டுத் தட்டில் இருந்தது. அதை நான் கேட்கவே இல்லை.

இந்த மாதம் அந்த மற்றப் பாதியைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர்

உளவள ஆலோசனைக்குப் போன இடத்தில் இருந்த வைத்தியர் ஒருவர் அக்காவின் உள்ளங்கையையும் கண்ணின் உட்புறத்தையும் பார்த்தார். இரண்டும் வெளுத்திருந்தன. உடனே இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். இரத்தச்சோகை இருப்பது தெரிந்தது. ஆனால் இரும்புச்சத்துக் குறைவில் வழக்கமாகக் காண்பது போலச் செங்குருதிக் கலங்கள் சிறியனவாக இருக்கவில்லை. இயல்பை விடப் பெரியனவாக இருந்தன. அடுத்த பரிசோதனைகளில் ஃபோலேட் என்னும் விட்டமின் மிகக் குறைவாக இருப்பது தெரியவந்தது. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கிறார்களே ஃபோலிக் அசிட் மாத்திரை, அதில் இருப்பது இதே சத்துத்தான். விட்டமின் பி வகையைச் சேர்ந்தது.

அதன் பிறகு அக்காவைப் போசாக்கு நிபுணரிடம் அனுப்பினார்கள். வைத்தியசாலையில் எல்லோரும் அவரை “டயட் மிஸ்” என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் கூடப் போனேன். முக்கால் மணித்தியாலம் அவர் கேள்வி மட்டுமே கேட்டார். “நேற்றுக் காலையில் எழும்பியதிலிருந்து இராத்திரி படுக்கும்வரை வாயில் போட்டது எல்லாவற்றையும் சொல்லுங்க அக்கா” என்று தொடங்கினார்.

காலையில் சீனி போட்ட பிளேன்டி. பத்து மணிக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும், கூடவே இன்னொரு பிளேன்டி. மத்தியானம் சோறும் கிழங்குக் குழம்பும். இரவில் மிஞ்சிய சோறு, மிஞ்சாவிட்டால் பிளேன்டி.

“வீட்டில் பருப்பே சமைப்பதில்லையா?”

“சமைப்பன் மிஸ். மகள் படிக்கிற பிள்ளை. அம்மாவுக்கும் பல் இல்ல. அவங்க ரெண்டு பேருக்கும் வைப்பன்.”

“முட்டை?”

“அதுவும் மகளுக்குத்தான்.”

“கீரை?”

“கீரை அவிப்பன். நல்லாத் தண்ணி விட்டு அவிச்சு, கசப்புப் போகட்டும் எண்டு பிழிஞ்சு ஊத்திப்போட்டுத்தான் தாளிப்பன்.”

டயட் மிஸ் கடைசியாக ஒன்று கேட்டார். “ஏதாவது குளிசை தொடர்ந்து குடிக்கிறீங்களா?” அக்கா பையிலிருந்து எடுத்துக் காட்டினார். தலைக்காயத்துக்குப் பிறகு வந்த வலிப்புக்காக வருடக்கணக்கில் எடுத்துவரும் ஃபெனிடொயின் மாத்திரை அது. உடலில் ஃபோலேட்டைக் குறைக்கக்கூடிய மருந்துகளில் அதுவும் ஒன்று. ஷெல் துண்டு பட்ட தலைகளோடு எத்தனையோ பேர் நம்மிடையே இந்த மாத்திரையை எடுத்துக்கொண்டு வாழ்கிறார்கள். ஒருவரைக் கூட நான் இதுவரை சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் என் மனதில் உறைத்தது.

மூளைக்கு இது ஏன் வேண்டும்?

உடம்பில் புதிய கலங்கள் உருவாவதற்கு ஃபோலேட் தேவை. இரத்தக் கலங்கள் நாள்தோறும் புதிதாக உருவாக வேண்டியவை. ஆகையால் குறைவு முதலில் அங்கே தெரிகிறது. மூளைக்கும் இது வேண்டும். நமது மனநிலை, தூக்கம், உற்சாகம் ஆகியவற்றோடு தொடர்புடைய செரட்டோனின், டோபமின் போன்ற பொருட்களை மூளை தயாரிக்கும் வேலையில் ஃபோலேட்டுக்கும் பங்கு இருக்கிறது. மூளையையும் முள்ளந்தண்டையும் சுற்றியிருக்கும் நீரில் ஃபோலேட்டின் செறிவு இரத்தத்தில் உள்ளதை விட அதிகம். அந்த அளவுக்கு மூளை அதைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது.

இதைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்த ஒருவர் இருக்கிறார். விக்டர் ஹெர்பர்ட் என்ற அமெரிக்க வைத்தியர் 1961 இல் ஒரு காரியம் செய்தார். தன் சாப்பாடு முழுவதையும் மூன்று முறை நீரில் வேகவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, மிச்சத்தை மட்டும் நான்கு மாதங்களுக்கு மேல் சாப்பிட்டு வந்தார். நான்காவது மாதத்தில் அவருக்குத் தூக்கம் கெட்டது. மறதி வந்தது. எரிச்சல் வந்தது. பின்னர் இரத்தச்சோகையும் வந்தது. ஃபோலிக் அசிட் எடுக்கத் தொடங்கியதும் மறதியும் எரிச்சலும் இரண்டு நாட்களுக்குள் நீங்கின என்று 1962 இல் எழுதினார்.

  அவர் பட்டினி கிடக்கவில்லை, வயிறு நிறையத்தான் சாப்பிட்டார். ஆனால் நம் அக்கா வாசற்படியில் இருந்து சொன்ன மூன்றும் அவருக்கும் வந்தன.

இதிலே நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. ஃபோலேட் உடம்பில் நெடுங்காலம் சேமித்து வைக்கப்படுவதில்லை. சேமிப்பு மூன்று, நான்கு மாதங்களுக்குத்தான் காணும். 2009 இல் உப்புக் கஞ்சி குடித்து உயிர் தப்பிய சகோதரிகள் பலர், “அன்று கிடந்த பட்டினிதான் இன்றும் என்னை வாட்டுகிறது” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பட்டினியின் நினைவு வாட்டும், மறுக்கவில்லை. ஆனால் இன்று உங்கள் இரத்தத்தில் ஃபோலேட் குறைந்திருந்தால் அது அன்றைய கணக்கு அல்ல. கடந்த சில மாதங்களின் கணக்கு. அன்று நடந்ததை நம்மால் மாற்ற முடியாது. இந்த மூன்று மாதத்தை மாற்றலாம்.

பம்பாயிலும் சென்னையிலும் ஒரு பெண் வைத்தியர்

இந்த விட்டமின் கண்டுபிடிக்கப்பட்ட கதையும் ஏழைப் பெண்களிடமிருந்துதான் தொடங்குகிறது. 1928 இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர் பம்பாய்க்கு வந்தார. அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்கள் கடுமையான இரத்தச்சோகையால் பாதிக்கப்பட்டிருந்தார்கள். காரணம் தெரியவில்லை. கிருமியாக இருக்குமா என்றும் ஆராய்ந்தார்கள். வில்ஸ் அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஆராய்ந்தார். வறுமையிலிருந்த, காய்கறியும் புரதமும் குறைவாகச் சாப்பிட்ட பெண்களிடமே நோய் கூடுதலாக இருந்தது. குன்னூரிலும், சென்னைத் திருவல்லிக்கேணியில் இப்போது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று அழைக்கப்படும் பெண்கள் மருத்துவமனையிலும் அவர் தன் ஆய்வைத் தொடர்ந்தார்.

கடைசியில் குணமாக்கியது எது தெரியுமா? நம் கடைகளிலும் போத்தலில் விற்கும் மாமைட். 1931 இல் இதைப் பற்றி அவர் எழுதினார். மாமைட்டில் இருந்த அந்தப் பொருள் என்னவென்று அப்போது அவருக்கும் தெரியாது. நம் நாட்டில் 1934, 35 ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் பரவியபோது, சூரியமல் இயக்கத் தொண்டர்கள் போசாக்கின்றி வாடிய கிராமத்து மக்களுக்கு மாமைட் கொடுத்ததும் இந்தக் கதையோடு சேர்ந்ததுதான்.

1941 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நான்கு தொன் பசளிக் கீரையிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். இலத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஃபோலிக் அசிட் என்று பெயர் வைத்தார்கள். இலைச்சத்து என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 1945 இல் அதை ஆய்வுகூடத்தில் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லப்பிரகட சுப்பாராவ். ஆந்திராவில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

லூசி வில்ஸ் செய்ததைத்தான் டயட் மிஸ்ஸும் செய்தார். நோயைப் பார்ப்பதோடு நிற்காமல், தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

மாத்திரை மட்டும் போதாதா?

“ஃபோலிக் அசிட் மலிவான மாத்திரைதானே, ஃபார்மசியில் வாங்கிக் குடித்தால் சரிதானே” என்று நானும் கேட்டேன். டயட் மிஸ் இரண்டு காரணங்களுக்காக மறுத்தார்.

முதலாவது, விட்டமின் பி 12. இந்தச் சத்துக் குறைந்தாலும் இரத்தக் கலங்கள் பெரிதாகும், மறதி வரும், கால் விறைக்கும். பி 12 குறைந்திருக்கும் ஒருவர் ஃபோலிக் அசிட்டை மட்டும் குடித்தால் இரத்தச்சோகை மாறிவிடும். “சுகமாகிவிட்டது” என்று நினைப்போம். ஆனால் உள்ளே நரம்புகள் தொடர்ந்து பழுதாகிக்கொண்டே போகும். பின்னர் அதைத் திருத்துவது கடினம். மச்சம், மீன், முட்டை, பால் எதையும் தொடாதவர்களும் வயதானவர்களும் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். இரண்டையும் பரிசோதித்த பிறகே மாத்திரை.

இரண்டாவது, வலிப்பு மருந்து. ஃபெனிடொயின் ஃபோலேட்டைக் குறைப்பது போலவே, ஃபோலிக் அசிட்டும் இரத்தத்தில் ஃபெனிடொயினின் அளவைக் குறைக்கக்கூடும். அப்படிக் குறைந்தால் அடங்கியிருந்த வலிப்புத் திரும்பவும் வரலாம். ஆகையால் இந்த மருந்து எடுப்பவர்கள் வைத்தியருக்குத் தெரியாமல் ஃபோலிக் அசிட் தொடங்கவே கூடாது. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வலிப்பு மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

அக்காவுக்கு பி 12 சரியாக இருந்தது. வைத்தியர் வலிப்பு மருந்தைக் கவனித்துக்கொண்டு, நான்கு மாதத்துக்கு ஃபோலிக் அசிட் கொடுத்தார். டயட் மிஸ் சொன்னதை அப்படியே தருகிறேன்: “நாலு மாசத்துக்கு மாத்திரை வேலை செய்யும். ஐந்தாம் மாசத்திலிருந்து அடுப்படிதான் வேலை செய்ய வேணும். அதுக்குத்தான் நான் இருக்கிறன்.”

குழந்தைகளில் அபூர்வமாகக் காணப்படும் வேறொரு நிலையையும் சொல்ல வேண்டும். இரத்தத்தில் ஃபோலேட் போதியளவு இருக்கும். ஆனால் அது மூளைக்குள் போய்ச் சேராது. பிறந்து சில மாதம் நன்றாக வளர்ந்த பிள்ளை பின்னர் வளர்ச்சியில் பின்தங்கும். வலிப்பும் தள்ளாட்டமும் வரலாம். முள்ளந்தண்டு நீரைப் பரிசோதித்துத்தான் இதை உறுதிப்படுத்துவார்கள். பல பிள்ளைகளில், ஃபோலேட்டை மூளைக்குள் கொண்டுசெல்லும் வாசலையே உடம்பின் எதிர்ப்புச் சக்தி தவறுதலாக அடைத்துவிடுகிறது என்று 2005 இல் மருத்துவ ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதற்குச் சாதாரண ஃபோலிக் அசிட் அல்ல, ஃபோலினிக் அசிட் என்ற வேறு மருந்தை விசேட வைத்திய நிபுணர்கள் கொடுப்பார்கள். சில பிள்ளைகளுக்குப் பாலையும் நிறுத்தச் சொல்வார்கள். ஏனெனில் பால் அந்த எதிர்ப்பைக் கூட்டுவதாகக் கண்டிருக்கிறார்கள். அப்போது கல்சியத்துக்கும் புரதத்துக்கும் என்ன செய்வது? நெத்தலிக் கருவாடு, எள்ளு, குரக்கன், முட்டை, பயறு என்று பிள்ளைக்கு ஏற்றபடி ஈடுசெய்து, நிறையையும் உயரத்தையும் அளந்து பார்த்துவருவது போசாக்கு நிபுணரின் பொறுப்பு. யாரோ சொன்னார்கள் என்று நாமாகவே பிள்ளையின் பாலை நிறுத்திவிடக் கூடாது.

கலியாணத்துக்கு முன்பே

நம்மில் பலருடைய பெண்பிள்ளைகள் இப்போது கலியாண வயதில் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதைச் சொல்கிறேன். வயிற்றில் பிள்ளை உருவாகி முதல் 28 நாட்களுக்குள் அதன் மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் அடிப்படையான குழாய் மூடிக்கொள்கிறது. அநேகமான பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்பதே அப்போது தெரியாது. அந்த நாட்களில் ஃபோலேட் குறைந்தால் குழாய் சரியாக மூடாமல் பிள்ளை குறைபாட்டோடு பிறக்கும் ஆபத்து அதிகம். முன்பு அப்படி ஒரு பிள்ளையைப் பெற்ற தாய்மாரிடையே ஏழு நாடுகளில் செய்த ஆய்வின் முடிவு 1991 இல் வெளிவந்தது. கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அசிட் எடுத்தபோது இந்தக் குறைபாடு 72 வீதம் குறைந்ததை அது காட்டியது.

அதனால்தான் கர்ப்பமாகும் முன்பிருந்தே தொடங்கி முதல் 12 வாரம்வரை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் எடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளை உண்டான பிறகு கிளினிக்கில் பதிவோம் என்று காத்திருக்காதீர்கள். கலியாணம் முடிந்தவுடன் உங்கள் பகுதி மருத்துவமாதுவைச் சந்தித்துக் கேளுங்கள். வலிப்பு மருந்து எடுக்கும் பெண்கள் கலியாணத்துக்கு முன்பே வைத்தியரிடம் பேச வேண்டும். அவர்களுக்கு அளவு வேறுபடலாம்.

நம் அடுப்படியில்

எங்கள் மாத்தளை மாவட்டத்தில்தான் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் இருக்கிறது. நாட்டின் பல பக்கங்களுக்கும் மரக்கறி லொறிகள் அங்கிருந்து போகின்றன. அதே மாவட்டத்து லயங்களில் பெண்கள் ரொட்டியும் சம்பலும் பிளேன்டியுமாக நாளைக் கழிக்கிறார்கள். 2022 இல் விலைவாசி ஏறியபோது முதலில் சுருங்கியதும் தாய்மாரின் தட்டுத்தான். டயட் மிஸ் இதை அறிந்தவர். அப்பிளும் ஆரஞ்சும் எழுதித் தரவில்லை. கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அக்காவுக்கு எழுதிக் கொடுத்தவை இவைதான். அக்காவின் அனுமதியோடு உங்களுக்கும் தருகிறேன்.

கௌபி, பயறு, கடலை. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலேட் வேண்டும். கர்ப்பிணிக்கு 600, பாலூட்டும் தாய்க்கு 500. வேகவைத்த கௌபி ஒரு கோப்பையில் ஏறக்குறைய 350, பயறில் 320 அளவுக்கு இருக்கிறது. கிழமையில் நாலு நாளாவது காலை ரொட்டிக்குப் பதிலாக அவித்த கௌபியோ பயறோ தேங்காய்ப்பூவோடு சாப்பிடலாம்.

கீரை. பொன்னாங்காணி, வல்லாரை, கங்குன், முருங்கை, தம்பளா எது கிடைத்தாலும் நல்லது. ஃபோலேட் தண்ணீரில் கரைந்துவிடும், சூட்டிலும் அழியும். நிறையத் தண்ணீரில் அவித்துப் பிழிந்து ஊற்றினால் பாதியளவு சத்து வடிகாலோடு போய்விடும். நன்றாகக் கழுவிய பிறகு நறுக்குங்கள். நீர் தெளித்து, மூடி, சில நிமிடம் மட்டும் அடுப்பில் வைத்து வறையாகச் செய்யுங்கள். சிங்களச் சகோதரிகள் செய்யும் மல்லும் இதற்கு மிகவும் ஏற்றது. வல்லாரையை உப்புத் தண்ணீரில் நன்றாக அலசிப் பச்சையாகவே சம்பல் போட்டால் சூட்டில் போகும் சத்தும் மிஞ்சும். தோட்டத்தில் களைநாசினி அடித்த இடங்களிலும் வடிகான் ஓரங்களிலும் கீரை பிடுங்காதீர்கள். லயத்து வாசலில் பழைய உரப் பையில் மண் நிரப்பிப் பொன்னாங்காணித் தண்டை ஊன்றினாலே தழைத்துவிடும்.

முட்டை, மீன், நெத்தலி. இவற்றில் ஃபோலேட்டை விட பி 12 தான் முக்கியம். கிழமையில் மூன்று முட்டையாவது உங்கள் பங்காக இருக்கட்டும்.

பிளேன்டி. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். சோற்றோடு கொஞ்சம் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள்.

சாராயமும் கசிப்பும். உடம்பு வலிக்கு என்று மாலையில் கொஞ்சம் குடிக்கும் சகோதரிகளும் நம்மிடையே உண்டு. குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் அது ஃபோலேட் உடம்பில் சேர்வதைத் தடுக்கும்.

கலண்டர் தாளின் அடியில் டயட் மிஸ் ஒரு வரி எழுதிக் கோடு போட்டிருந்தார். “மகளுக்கு ஓர் அகப்பை, அம்மாவுக்கு ஓர் அகப்பை, எனக்கும் ஓர் அகப்பை.” அதை எழுதிக் கொடுத்துவிட்டு, மகளையும் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அதன் பிறகு வீட்டில் பருப்புச் சட்டியைப் பங்கிடுகிறவள் மகள்தான்.

அக்கா இப்போது

மாத்திரை தொடங்கி இரண்டு மூன்று கிழமையில் நாக்கு எரிவு நின்றது. பசி எடுத்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு படியேறும்போது மூச்சு வாங்கவில்லை. மறதி மெதுவாகத்தான் குறைந்தது, முழுவதும் போகவில்லை. தலைக்காயத்தின் பங்கும் அதில் இருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். டயட் மிஸ் மாதத்துக்கு ஒரு தடவை வரச்சொல்லி, ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைக் கேட்டார்: “நேற்று என்ன சாப்பிட்டீங்க அக்கா?”

கணவரை நினைத்து அக்கா இன்றும் அழுகிறார். கௌபியும் கீரையும் அதற்கு மருந்தல்ல. உளவள ஆலோசனைக்கும் தொடர்ந்து போகிறார். மனநோய்க்கு மாத்திரை எடுக்கும் சகோதரிகள், சாப்பாட்டைத் திருத்திவிட்டேன் என்று அதை நிறுத்தக் கூடாது. துக்கம் வேறு, சத்துக்குறைவு வேறு. இரண்டும் ஒரே பெண்ணின் உடம்பில் சேர்ந்து இருக்கலாம். ஒன்றைக் கண்டுவிட்டு மற்றதைத் தேடாமல் விடுவதுதான் பிழை. அந்தப் பிழையை நான் செய்தேன்.

இப்போது என் கோவையில் புதிதாக ஒரு பக்கம் இருக்கிறது. யாரைச் சந்தித்தாலும் “யுத்தத்தில் என்ன இழந்தீர்கள்” என்ற கேள்விக்குப் பிறகு, “நேற்று என்ன சாப்பிட்டீர்கள், கடைசியாக யார் சாப்பிட்டது” என்றும் கேட்கிறேன். பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்குத்தான் அவர்கள் சற்று நேரம் யோசிக்கிறார்கள். தன் தட்டைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை.

சகோதரிகளே, தொடர்ந்து களைப்பு, நாக்கு எரிவு, மறதி, எரிச்சல், தூக்கமின்மை, கைகால் விறைப்பு இருந்தால் “எல்லாம் யோசனையால்” என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் மருத்துவமாதுவிடமோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கிலோ, பக்கத்து வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ சொல்லுங்கள். முழு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். இரும்புச்சத்தும் சேர்ந்து குறைந்திருந்தால் கலங்களின் அளவு சாதாரணமாகவே தெரியக்கூடும். ஆகவே அறிகுறிகள் தொடர்ந்தால் மறுபடியும் போய்ச் சொல்லுங்கள். எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோங்கள். போசாக்கு நிபுணர் இருக்கும் வைத்தியசாலையாக இருந்தால் அவரைப் பார்க்க ஒரு துண்டு எழுதித் தரும்படி தயங்காமல் கேளுங்கள். கிளினிக்குக்குப் போகும் முதல்நாள், காலையிலிருந்து இரவுவரை சாப்பிட்டதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். உங்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியட்டும்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.